எஞ்சின் வாங்குமுன் கட்டியைப் பாருங்கள்

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, இருக்கிற எஞ்சினை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்ற கேள்வி திருகோணமலைக் கரையோரமெங்கும் எழுந்தது. இன்னும் அது ஓயவில்லை. குச்சவெளி முதல் இலங்கைத்துறை முகத்துவாரம் வரை கண்ணாடியிழைப் படகுகளைத் தள்ளுபவை பெரும்பாலும் பின்னால் மாட்டும் வெளியிணைப்பு எஞ்சின்கள். அவற்றில் பல பெற்றோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும் ஈரடிப்பு வகை. மாற்ற நினைப்பவரிடம் விற்பவர் பேசுவது குதிரைவலுவையும் எரிபொருள் மிச்சத்தையும். ‘உப்புநீருக்கென்றே தயாரித்தது’ என்ற ஒட்டுத்தாளையும் காட்டுவார். குறைந்த காசில் வாங்குகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இவை எதிலும் இல்லை: இந்த எஞ்சினில் எந்த உலோகம் கரைந்துகொண்டிருக்கிறது?

எஞ்சினின் உடம்பு அலுமினியம். காற்றுப் பட்டதும் அதன்மேல் படியும் ஒட்சைட்டுப் படலம் மில்லிமீற்றரில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தடிப்பில்லை, ஆனாலும் நன்னீரில் அது போதும். கடல்நீரிலோ லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதிலுள்ள குளோரைட்டு அயன்கள் படலத்தில் நலிந்த ஓர் இடம் கிடைத்தால் துளைத்துவிடுகின்றன. வியப்பு அதற்குப் பிறகுதான். குழிக்குள் கரைந்த அலுமினிய அயன் நீரோடு வினைபுரிந்து ஐதரசன் அயன்களை விடுவிக்க, அங்கே அமிலம் சேர்கிறது. உள்ளே நேர் மின்னேற்றம் கூடியதால் அதைச் சமன்செய்ய வெளியிலிருந்து மேலும் குளோரைட்டு இழுபட்டு வருகிறது. அமிலமும் குளோரைட்டும் சேர்ந்து இன்னும் அலுமினியத்தைக் கரைக்கின்றன. கரைந்தது இன்னும் அமிலத்தைப் பெருக்குகிறது. கடல்நீரின் பி.எச். 8 அளவில் நிற்க, அதற்கு ஒரு மயிரிழை உள்ளே குழியின் பி.எச். 4, 3 என்று இறங்கிவிடுகிறது. தன்னைத் தோண்டுவதற்கான நீரைக் குழி தானே தயாரித்துக்கொள்கிறது! அதனால்தான் அது அகலாமல் ஆழமாகப் போகிறது. மேலே கடுகளவு வெண்பொடி, கீழே சுவர் முழுவதும் துளை. பக்கத்தில் துருவேறா உருக்கில் ஆணியோ விசிறித் தண்டோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு உலோகங்களுக்கும் இடையில் அரை வோல்ற்றுக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. பெயின்ற் கீறுபட்ட சின்னஞ்சிறு இடத்தின்மேல் உருக்குப் பரப்பு முழுவதன் பசியும் வந்து விழும்.

இதைத் தடுக்கத்தான் எஞ்சினில் நாகக் கட்டியோ அலுமினியக் கலவைக் கட்டியோ பூட்டுகிறார்கள். தான் முதலில் கரைந்து, இலத்திரன்களை எஞ்சினுக்குக் கொடுப்பது அதன் வேலை. வளைகுடாவில் உழைக்கும் மூத்த மகனை நம்பி நிற்கும் குடும்பத்துக்கு இது உடனே விளங்கும். மகன் தேய்ந்து அனுப்புவதில் வீடு நிற்கிறது. பணம் வர வங்கி வழி வேண்டும். அதுபோலக் கட்டியின் ஆணி இடையில் பெயின்றோ உப்போ இல்லாமல் உலோகத்தோடு உலோகமாகப் பிடித்திருக்க வேண்டும். மகனுக்குப் புதுச்சட்டை போட்டு அழகு பார்ப்பதாக நினைத்துக் கட்டிக்குமேல் பெயின்ற் அடித்தால் அனுப்பல் நின்றுபோகும். அளவுமீறி அனுப்பினாலும் வீடு கெடும்: மக்னீசியக் கட்டியைக் கடலில் இறக்கினால் அலுமினியத்தின் மேல் ஐதரசனும் காரமும் பெருகிப் பெயின்ற் உரியும். கட்டி என்ற மகன் பாதியாய் மெலிந்ததும் அடுத்தவனை அனுப்பிவிட வேண்டும், முழுக்கத் தீரும்வரை காத்திருந்தால் இடையில் வீடு பட்டினி.

இந்த உத்தியின் வரலாறு கேட்பவர்களுக்கு: ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1824இல் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க இரும்பையும் நாகத்தையும் இணைத்துப் பார்த்தார். கொச்சியில் கட்டிய ‘சமராங்’ என்ற கப்பலிலும் சோதனை நடந்தது. செப்பு கரையவில்லை. ஆனால் பாசியையும் கொட்டலசையும் கொன்றுவந்ததே கரையும் செப்புத்தான். அது நின்றதும் அடிப்பாகம் முழுக்க அவை ஒட்டிக்கொள்ள, பிரித்தானியக் கடற்படை ஏற்பாட்டைக் கைவிட்டது.

கட்டி கரைவதே எஞ்சினுக்குக் காவல். ஆகவே பழைய எஞ்சின் பார்க்கும்போது பளபளக்கும் பெயின்ற்றில் கண்ணை வைக்காமல் கட்டியைத் தேடவேண்டும். அரித்துக் குழிவிழுந்த கட்டி நல்ல சான்று. பல வருடம் ஓடியும் வார்த்தபடியே இருக்கும் கட்டி, தனக்குப் பதிலாக எஞ்சினே கரைந்திருக்கிறது என்று சொல்கிறது. மல்டிமீற்றரின் ஒரு முனையைக் கட்டியிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்தால் ஓர் ஓமுக்குக் கீழே காட்டவேண்டும். புதுக்கட்டி மாட்டி விற்கிறார்களே என்றால், அதைக் கழற்றி அடியிலிருக்கும் அலுமினியத்தையும் ஆணிகளைச் சுற்றியுள்ள வெண்பொடியையும் பாருங்கள். எந்த உலோகக் கட்டி என்பதும் இந்தப் பகுதியில் முக்கியம். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிறது, அதன் கிளையான வெருகல் ஆறு தெற்கே கடல் சேர்கிறது. முகத்துவாரங்களில் மாரியில் ஒரு நீர், கோடையில் வேறு நீர். உப்புக் குறைந்த நீரில் நாகத்தின்மேல் ஒரு தோல் படிந்து அது செயலற்றுப்போகும். அலுமினியக் கலவைக் கட்டி இரண்டிலும் வேலை செய்யும், எடைக்கு எடை நாகத்தைப்போல மூன்று மடங்கு மின்னேற்றமும் தரும்.

வெளிக்கட்டியால் காக்க முடியாத இடம் ஒன்றுண்டு: குளிர்நீர் ஓடும் உள்வழிகள். படகைக் கரையில் இழுத்துவிட்டால் எஞ்சின் காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே காயாது. கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைட்டு காற்றின் ஈரப்பதன் 33 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை உறிஞ்சிக் கசியும். திருகோணமலைக் காற்று அதற்குக் கீழே இறங்குவது எங்கே? ஓடாத நாட்களிலும் குழி வளரும். பயணம் முடிந்ததும் எஞ்சினை ஒரு பீப்பாய்க் கிணற்றுநீரில் இறக்கிச் சில நிமிடம் ஓடவிடுவதே மருந்து. கோடையில் குடிக்கவே நீரில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் வாய்க்கு உவர்க்கும் கிணற்றுநீரிலும் கடலில் உள்ள உப்பில் மிகச் சிறு பங்குதான் இருக்கும், அதுவே போதும்.

மின்சார எஞ்சின் இந்தத் தொல்லைகளை எல்லாம் தீர்க்கும் என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். 20 லீற்றர் மண்ணெண்ணெயில் சுமார் 190 கிலோவாற்று மணி ஆற்றல். ஈரடிப்பு எஞ்சின் அதில் 15 சதவீதத்தையே உந்துவலுவாக மாற்றினாலும், அதைத் தர லிதியம் மின்கலம் ஏறக்குறைய 200 கிலோ வேண்டும். களப்புக்குள் வலை வீசுபவருக்குச் சின்ன மின்கலம் சரிவரலாம், கடலுக்குப் போகிறவருக்கு இன்றைக்கு வராது. நாலடிப்பு எஞ்சின் எரிபொருளை மிச்சப்படுத்துவது உண்மை. ஆனால் அதன் உடம்பும் இதே அலுமினியம், குளிர்விப்பதும் இதே கடல். மிச்சமாகும் எரிபொருள் கூடுதல் விலையை அடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று பாருங்கள். அத்தனை வருடம் அதைக் கழுவவும் கட்டி மாற்றவும் முடியுமென்றால் அதையே வாங்கலாம். முடியாதென்றால், கட்டி தேய்ந்த, உடம்பு தேயாத பழைய ஈரடிப்பு எஞ்சினைத் தேடி வாங்கி, மிச்சக் காசில் நீர்ப்பம்பின் இறப்பர்ச் சுழலியையும் கட்டிகளையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.