கோல்ஃபாக்ஸ்: குற்றப்பத்திரிகையில் எழுதப்படாத காரணம்

1872 நவம்பரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடந்த ஆளுநர் தேர்தலில் வென்றவர் யார் என்பதற்கு இரண்டு விடைகள் இருந்தன. வாக்குகளைச் சரிபார்க்க வேண்டிய குழு இரண்டாகப் பிளந்தது. ஒன்று, கறுப்பின வாக்காளர்கள் பெரிதும் ஆதரித்த குடியரசுக் கட்சியின் வில்லியம் கெல்லாக் வென்றதாக அறிவித்தது. மற்றொன்று ஜான் மெக்கினெரி வென்றதாக அறிவித்தது. 1873 ஜனவரியில் இருவருமே பதவியேற்றனர். (அங்கே ஆளுநர் என்பவர் நியமனப் பதவியினர் அல்லர், நம் முதலமைச்சருக்கு நிகரான அதிகாரம் கொண்டவர்.)

ஆளுநர் இருவரானால் ஒவ்வொரு மாவட்டத்திலும் நீதிபதிகளும் ஷெரீப்களும் இருவர் இருவராவர். கிராண்ட் பாரிஷ் மாவட்டத்தின் தலைநகரான கோல்ஃபாக்ஸில், கெல்லாக் தரப்பு அலுவலர்களுக்குக் காவலாகக் கறுப்பின ஆண்கள் நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்டினர். அவர்களுள் பலர் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று கிறிஸ்டோபர் கொலம்பஸ் நாஷ் தலைமையில் வெள்ளையர் படை பீரங்கியுடன் வந்து கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்தவர்களும் கொல்லப்பட்டனர், பிடித்து வைக்கப்பட்டிருந்தவர்கள் அன்றிரவே சுட்டுக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் 60 முதல் 150 பேர் வரை எனக் கணக்கிடப்படுகிறது. வெள்ளையருள் இறந்தவர் மூவர்.

கொலையை விசாரிப்பது மாநிலத்தின் பொறுப்பு. லூசியானாவில் அது நடக்காது என்பதால், ஒன்றிய அரசு வழக்கறிஞர் 1870ஆம் ஆண்டின் அமலாக்கச் சட்டத்தின்கீழ், குடிமக்களின் உரிமைகளைப் பறிக்கச் சதி செய்ததாக வழக்குத் தொடுத்தார். தொண்ணூறுக்கும் மேற்பட்டோர்மீது குற்றஞ்சாட்டப்பட்டும் கூண்டில் நின்றவர் ஒன்பதின்மர்; தண்டனைத் தீர்ப்புப் பெற்றவர் மூவர்.

அம்மூவரையும் 1876 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 'அமெரிக்க ஒன்றியம் எதிர் குரூக்‌ஷாங்க்' எனும் அத்தீர்ப்பைச் சட்டம் பயில்வோர் தவறாமல் படிக்க வேண்டும். அரசமைப்பின் 14ஆம் திருத்தம் மாநில அரசின் செயலை மட்டுமே தடுக்கும்; தனியாரின் வன்முறை அதன் வரம்புக்குள் வராது என்றார் தலைமை நீதிபதி மாரிசன் வெய்ட். பகைக்கு இனமே காரணம் என ஐயுற இடமுண்டு, ஆயினும் குற்றப்பத்திரிகை அவ்வாறு கூறவில்லை என்றும் எழுதினார். எரிந்த கட்டடத்திலும் சுடப்பட்ட உடல்களிலும் தெரிந்த காரணத்தை, தாளில் இல்லை என்று நீதிமன்றம் ஒதுக்கிவைத்தது. கொன்றவர்கள் தனியார், அவர்களைத் தண்டிக்க வேண்டிய மாநிலமோ அசையவில்லை. அசையாதிருப்பதும் ஒரு மாநிலத்தின் செயல்தான் என்பதை அத்தீர்ப்பு காண மறுத்தது.

1877இல் ஒன்றியத்தின் படைகள் தெற்கின் அரசியலிலிருந்து விலகிக்கொண்டன. 1950களின் தொடக்கத்தில் லூசியானா அரசு கோல்ஃபாக்ஸில் நட்ட பலகை, நடந்ததைக் 'கலவரம்' என்றே குறித்தது. 2021இல்தான் அது அகற்றப்பட்டது.