உங்களுக்குத் தெரியுமா? காரின் இடுக்குகள் சொல்லும் சேதி

பெயின்ட் பளபளத்தால் டிங்கரிங் வேலை கச்சிதமாக முடிந்தது என்று நம்பிவிடுகிறோம். வேலையின் தரத்தைக் காட்டிக்கொடுப்பவை வேறு இடங்கள்.

● சக்கரத்துக்கு மேலே, ஃபெண்டரின் உட்புறம் வளைந்து நிற்கும் கறுப்புத் தகடுதான் ஃபெண்டர் லைனர். டயர் வாரியடிக்கும் சேறு, கல், தண்ணீர் அத்தனையையும் தாங்குவது இதுதான். பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். சில கார்களில் நாரால் ஆன லைனர் இருக்கும். கல்லும் நீரும் மோதும் சத்தத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

● லைனருக்குப் பின்னால் சும்மா வெற்றிடம் இல்லை. பல கார்களில் வைப்பர் தண்ணீர் டேங்க், ஹாரன், ஃபாக் லைட் வயர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. லைனர் கழன்ற காரை மழையில் ஓட்டினால் வயர் கனெக்டர்களில் ஈரம் புகுந்து களிம்பு ஏறும். இஞ்சின் பெல்ட்டில் தண்ணீர் தெறித்தால் அது கீச்சிடும். ‘பிளாஸ்டிக்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

● லைனரைப் பிடித்திருப்பவை சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகள். பல கிளிப்புகளின் நடுவில் ஒரு பின் இருக்கும். தட்டை ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் முதலில் அந்தப் பின்னைத் தூக்க வேண்டும். பிறகு கிளிப் தானாக வெளியே வரும். திரும்பப் பொருத்தும்போது பின் தூக்கிய நிலையிலேயே கிளிப்பைத் துளையில் நுழைத்து, கடைசியில் பின்னை அழுத்த வேண்டும். அவசரத்தில் நெம்பினால் உடையும். உடைந்ததை மாற்றாமல் விட்டால் லைனர் தொங்கி, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயரில் உரசும்.

● பெரும்பாலான கார்களில் முன் ஃபெண்டர் போல்ட்டால் மாட்டப்பட்டது, கழற்றி மாற்றிவிடலாம். பின் ஃபெண்டர் பாடியோடு வெல்டிங் செய்யப்பட்டது. அதை மாற்ற வேண்டுமென்றால் வெட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

● அதனாலேயே பேனல் பொருத்தும் வேலை பின்னாலிருந்து தொடங்குகிறது. அசையாத பின் ஃபெண்டருக்கு ஒத்தபடி பின்கதவு, அதற்கு ஒத்தபடி முன்கதவு, பிறகு முன் ஃபெண்டர், அப்புறம் பானெட், கடைசியில் பம்பர். வரிசையை மாற்றிப் பானெட்டில் தொடங்கினால், பிசகு முழுவதும் கதவில் வந்து நிற்கும்.

● பேனல்களுக்கு இடையிலான இடைவெளி பல கார்களில் 3 முதல் 5 மி.மீ. வரை இருக்கும். அளவைவிட முக்கியம், மேலிருந்து கீழ்வரை அது ஒரே சீராக இருப்பது. போல்ட் துளைகள் சற்றுப் பெரிதாக இருப்பதே பேனலை நகர்த்தி இதைச் சரிசெய்யத்தான். எவ்வளவு நகர்த்தியும் மேலே குறுகி, கீழே அகன்றே நின்றால், கீலிலோ உள்ளே இருக்கும் பாடியிலோ வளைவு இருக்கலாம்.

● 1922-ல் வந்த இத்தாலியின் லான்சியா லாம்ப்டா, தனிச் சேஸிஸ் இல்லாமல் பாடியே பாரம் தாங்கும்படி அமைந்த முன்னோடிக் கார். இன்றைய கார்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை. முன்னால் வாங்கிய அடி பாடி வழியாகத் தூரம்வரை பரவும். பலத்த அடிக்குப் பிறகு இஞ்சின் அறையின் மூலைவிட்ட அளவுகளைக் கம்பெனி அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான்.

● அகன்ற இடைவெளி எல்லாமே குறை அல்ல. 1990-ல் அமெரிக்காவின் டென்னசியில் தயாராகத் தொடங்கிய சாட்டர்ன் கார்களில் கதவு, ஃபெண்டர் வெளிப்பேனல்கள் பிளாஸ்டிக். வெப்பத்தில் பிளாஸ்டிக் இரும்பைவிட அதிகம் விரியும் என்பதால் இடைவெளியை வேண்டுமென்றே கூடுதலாக விட்டார்கள்.

● சில புதிய கார்களில் பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது. பம்பரைக் கழற்றி மாட்டியதில் அதன் கோணம் பிசகினால், முன்னே போகும் வண்டியை அது தவறாகக் கணிக்கும். ரேடாரை மறுபடி அளவுதிருத்தம் செய்தார்களா என்று கேளுங்கள்.

● பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பானெட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், அந்த ஃபெண்டரை யாரோ கழற்றியிருக்கிறார்கள். காரணத்தைக் கேட்காமல் விலை பேசாதீர்கள்.

● பட்டறையிலிருந்து காரை எடுக்கும் நாளில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சக்கரத்தின் உட்புறம் குனிந்து லைனர் கிளிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதுவும் சேர்ந்ததுதான் நீங்கள் காசு கொடுத்த வேலை.