கிராண்ட் கேன்யன் குடிநீர்க் குழாய்

கிராண்ட் கேன்யன் குடிநீர்க் குழாய் என்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பெரும் பள்ளத்தாக்கின் ஊடாகத் தென் விளிம்புக்குக் குடிநீர் கொண்டு செல்லும் சுமார் 20 கி.மீ. நீளமுள்ள அலுமினியக் குழாய் ஆகும். 1965இல் தொடங்கிய இதன் பணி 1970இல் நிறைவடைந்தது. ஆண்டுக்கு 50 லட்சம் அளவில் வரும் சுற்றுலாப் பயணிகளும், அங்கேயே குடியிருக்கும் சுமார் 2,500 பேரும் இதை நம்பியே உள்ளனர். 2010க்குப் பின் மட்டும் இக்குழாய் 85 முறைக்கு மேல் பெரிய அளவில் உடைந்துள்ளது. எனவே 2023இல் இதற்கு மாற்றாகப் புதிய ஏற்பாட்டை அமைக்கும் பணி தொடங்கியது. அதன் மதிப்பு சுமார் 20.8 கோடி டாலர்.

வடக்கே நீர், தெற்கே ஊர்

பயணிகளுக்கான விடுதிகளும் ரயில் நிலையமும் தென் விளிம்பில் உள்ளன. நீரோ வடபுறத்தில் உள்ளது. இதற்குக் காரணம் பாறை அடுக்குகளின் சாய்வு. அவை தெற்கு நோக்கிச் சற்றே சரிந்திருப்பதால், வட விளிம்பில் பெய்யும் பனியும் மழையும் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கிப் பள்ளத்தாக்கின் சுவரில் ஊற்றாக வெளிப்படுகின்றன. தென் விளிம்பில் பெய்வது பெரும்பாலும் பள்ளத்தாக்கை விட்டு விலகி ஓடிவிடுகிறது. தொடக்க காலத்தில் சுமார் 190 கி.மீ. தொலைவிலிருந்து ரயில் தொட்டிகளில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது.

தென் விளிம்பிலேயே ஆழ்துளைக் கிணறு தோண்டினால் என்ன என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அங்கே நிலத்தடி நீர் ஏறத்தாழ 3,000 அடி ஆழத்தில் கிடக்கிறது. ஹவாசுபாய் பழங்குடியினர் வாழும் பகுதியின் ஊற்றுகளுக்கும் அதே நிலத்தடி நீரே ஆதாரம். ஆழத்தை வென்றாலும் அவர்களுடைய ஊற்றில் கை வைத்ததாகிவிடும்.

பழைய பாதை

பழைய குழாய் வட சுவரில் உள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் தொடங்குகிறது. பிரைட் ஏஞ்சல் ஓடையை ஒட்டி இறங்கி, கொலராடோ ஆற்றைக் கடந்து, தென்புறத்தில் ஹவாசுபாய் கார்டன்ஸ் என்னும் பசுந்திட்டு வரை ஏறுகிறது. (இவ்விடம் 2022 வரை இந்தியன் கார்டன் எனப்பட்டது. அங்கு வாழ்ந்து வெளியேற்றப்பட்ட மக்களின் பெயரையே பிறகு சூட்டினர்.) ஆற்றைக் கடப்பதற்காகவே சில்வர் பாலம் என்னும் தொங்குபாலம் கட்டப்பட்டது, குழாய் அதன் அடியில் தொங்குகிறது. கம்பித் தட்டின் இடைவெளியில் ஆறு தெரிவதால், கோவேறு கழுதைகள் மட்டும் இன்றும் 1928ஆம் ஆண்டின் பழைய பாலத்தையே பயன்படுத்துகின்றன.

இப்பாதையின் பெரிய வசதி புவியீர்ப்பு. ஊற்று கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,580 மீட்டர் உயரத்திலும், ஆறு சுமார் 750 மீட்டரிலும், ஹவாசுபாய் கார்டன்ஸ் சுமார் 1,160 மீட்டரிலும் உள்ளன. பள்ளி ஆய்வகத்தில் பார்க்கும் 'யு' வடிவக் குழாய்தான் இது. ஒரு கை உயரமாக இருப்பதால், மறு கையில் நீர் தானாகவே ஏறுகிறது. அங்கிருந்து விளிம்பு வரையிலான ஏற்றத்துக்கு மட்டுமே பம்பு தேவைப்படுகிறது.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. நீர் பல நூறு மீட்டர் இறங்குவதால் அடிப்பகுதியில் அழுத்தம் மிக அதிகம். ஃபேன்டம் ராஞ்ச் விடுதிக்கு வடக்கே, 'பாக்ஸ்' எனப்படும் பகுதியில் செங்குத்தான கரும்பாறைச் சுவர்களுக்கிடையே ஓடையும் நடைபாதையும் குழாயும் நெருக்கியடித்துச் செல்கின்றன. அங்கே குழாய் ஓடையின் வளைவுகளுக்கு ஏற்ப வளைந்து வளைந்து போகிறது. வளைவுகளில் சுழலும் நீர் உலோகத்தை அரிக்கிறது. பாறை விழுந்தாலும் வெள்ளம் வந்தாலும் முதலில் அடிபடுவது இக்குழாயே. 1966 டிசம்பர் வெள்ளம், கட்டுமானம் முடிவதற்குள்ளேயே இதன் பெரும்பகுதியை அடித்துச் சென்றது. அத்தகைய எச்சரிக்கைக்குப் பிறகும் அதே இடுக்கில் மீண்டும் குழாய் பதித்தது வியப்புக்குரியது. வேறு வழி அன்று எளிதாக இல்லை என்பதும் உண்மை.

உடைப்பைச் சரிசெய்ய ஆட்களையும் குழாய்த் துண்டுகளையும் ஹெலிகாப்டரில்தான் இறக்க வேண்டும். 2024 ஆகஸ்டு இறுதியில், விடுமுறைக் கூட்டம் குவியும் வேளையில், அடுத்தடுத்து நான்கு உடைப்புகள் ஏற்பட்டன. தென் விளிம்பு விடுதிகளில் இரவு தங்குவதே சில நாட்கள் நிறுத்தப்பட்டது.

புதிய ஏற்பாடு

20 கி.மீ. முழுவதையும் அதே தடத்தில் புதுப்பித்தால், 'பாக்ஸ்' பகுதியின் ஆபத்தும் கூடவே புதுப்பிக்கப்படும். எனவே குழாயின் பாதையை மாற்றுவதைவிட, நீர் எடுக்கும் இடத்தையே மாற்ற முடிவு செய்தனர். ரோரிங் ஸ்பிரிங்ஸ் நீர் பிரைட் ஏஞ்சல் ஓடையில் சேர்ந்து எப்படியும் ஃபேன்டம் ராஞ்சுக்கு வந்து சேர்கிறது. இனி ஓடையே குழாயின் வேலையைச் செய்யும். நீர் ஃபேன்டம் ராஞ்ச் அருகே எடுக்கப்படும். ஆற்றிலிருந்து ஹவாசுபாய் கார்டன்ஸ் வரை சுமார் 5 கி.மீ. மட்டுமே புதுக்குழாய். வட விளிம்புக்கு மட்டும் ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து தொடர்ந்து நீர் ஏற்றப்படும்.

இதனால் இழப்பும் உண்டு. செலவில்லாத புவியீர்ப்பு போய்விடுகிறது. ஃபேன்டம் ராஞ்சிலிருந்து ஹவாசுபாய் கார்டன்ஸ் வரை ஏறத்தாழ 400 மீட்டர் நீரைப் பம்பு மூலம் ஏற்ற வேண்டும். அதற்காகப் பள்ளத்தாக்கின் அடிவரை மின் இணைப்பை வலுப்படுத்த வேண்டும். பாறைக்குள்ளிருந்து வரும் ஊற்று நீர் தெளிவானது. திறந்த ஓடையின் நீரோ மழைக்காலத்தில் கலங்கி வரும். ஆகவே சுத்திகரிப்பு நிலையமும் தேவைப்படுகிறது. மின்சாரக் கட்டணமும் சுத்திகரிப்புச் செலவும் ஆண்டுதோறும் வரும். ஆனாலும் எப்போது உடையும் என்று தெரியாத குழாயைவிட, முன்கூட்டியே கணக்கிடக்கூடிய செலவு மேலானது.

2025 ஜூலையில் இடி மின்னலால் தொடங்கிய டிராகன் பிராவோ காட்டுத்தீ, வடபுறத்தில் சுமார் 1,45,000 ஏக்கரை எரித்தது. வட விளிம்பின் பழமையான விடுதியும் நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அதில் அழிந்தன. மரமும் புல்லும் எரிந்துபோன சரிவுகளில் மழை பெய்தால் சாம்பலும் சேறும் கற்களும் ஓடைகளுக்கு வரும். நீர் எடுக்கும் இடம் ஓடையிலேயே அமைவதால், வரும் சில ஆண்டுகளின் மழைக்காலங்கள் அதற்குக் கடுமையான சோதனையாக இருக்கக்கூடும். பணியை 2027இல் முடிப்பது எனத் திட்டமிடப்பட்டது. அது முடியும் வரை பழைய அலுமினியக் குழாயே தென் விளிம்புக்கு நீர் தர வேண்டியுள்ளது.