காயமும் கார்னிடின் மாத்திரையும்: ஆய்வுகள் சொல்வது என்ன?

விபத்தில் கால் முறிந்து வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புபவருக்கு அந்தக் கால் மட்டும் மெலிவதில்லை. கையும் தோளும்கூட வாடிவிடுகின்றன. "நல்லாச் சாப்பிட்டும் உடம்பு தேறவில்லையே" என்ற கவலையில், யாரோ சொன்னார்கள் என்று கார்னிடின் மாத்திரை வாங்கிக் கொடுப்போரும் உண்டு. அது உதவுமா?

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டேவிட் கத்பேர்ட்சன் என்ற விஞ்ஞானி 1930ஆம் ஆண்டளவில், எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரைப் பரிசோதித்தார். அதில் நைதரசன் வழமையைவிட அதிகமாக வெளியேறியது. தசைப் புரதம் கரைவதன் அடையாளம் அது. காயப்பட்ட இடத்தில் மட்டுமன்றி, முழு உடலிலும் தசை கரைவதை அவர் கண்டார். புண்ணை ஆற்றவும் கிருமிகளை எதிர்க்கவும் தேவையான மூலப்பொருளை உடல் தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

கார்னிடின் 1905இல் இறைச்சியிலிருந்து பிரித்தறியப்பட்டது. கொழுப்பமிலங்களைக் கலத்தின் இழைமணிக்குள் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. அங்குதான் அவை எரிந்து சக்தியாகின்றன. பெருங்காயத்தின் பின் கார்னிடினும் சிறுநீரில் கூடுதலாக வெளியேறுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. "அதை ஈடுசெய்தால் கொழுப்பு எரியும், தசை தப்பும்" என்ற எண்ணம் இப்படித்தான் பிறந்தது.

ஆனால் ஒரு பொருள் வெளியேறுகிறது என்பதற்காக, அதைக் கொடுத்தால் குணமாகும் என்று முடிவு செய்ய முடியாது. காயத்தைப் போலவே உடலின் சக்திப் பாவனையைக் குலைக்கும் இன்னொரு நிலை, கிருமித்தொற்றால் வரும் கடும் அதிர்ச்சி. அத்தகைய 250 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த பரிசோதனையின் முடிவு 2018இல் வெளியானது. கார்னிடின் கொடுத்தும் உறுப்புகளின் செயலிழப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

சாதாரணமாக நமது ஈரலும் சிறுநீரகமும் தேவையான கார்னிடினைத் தாமே தயாரித்துக்கொள்ளும். பிறவிக் குறைபாடு போன்ற காரணங்களுக்காக வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தக் கூடாது. மற்றவர்கள் தாமாக வாங்கி விழுங்குவது வீண் செலவு. குடல் பற்றீரியாக்கள் கார்னிடினை மாற்றுவதால் உருவாகும் ஒரு பொருளுக்கும் நாடி அடைப்புக்கும் தொடர்பிருப்பதாக 2013இல் வெளியான ஆய்வொன்று எச்சரித்ததையும் மறக்க வேண்டாம்.

கரைவது புரதம், ஆகவே கொடுக்க வேண்டியதும் புரதமே. முட்டை, மீன், கோழி, பருப்பு, கடலை என நாளின் ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் அனுமதித்ததும் நோயாளியை எழுந்து நடக்க வையுங்கள். படுத்தே கிடந்தால் தசை மேலும் கரையும்.