சேர் ஐவர் ஜெனிங்ஸ்: அரசியல் அறிஞரும் உபவேந்தரும்

ஆட்சி எவ்வாறு நடைபெறல் வேண்டும் என்று நூல் எழுதுவோர் பலர். தாம் எழுதிய நெறி நின்று ஒரு நிறுவனத்தைத் தாமே நடத்திக் காட்டும் வாய்ப்பினைப் பெற்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தராய் விளங்கிய சேர் ஐவர் ஜெனிங்ஸ். அவர் பணி தொடங்கிய இடத்தைக் காண வெள்ளவத்தையில் வாழும் நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. முன்னர் தேர்ஸ்டன் வீதி எனப்பட்ட தெருவிலுள்ள கொலிஜ் ஹவுஸ் என்னும் பழைய மாளிகையே அது.

ஜெனிங்ஸ் 1903 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்று, லண்டன் பொருளியற் கல்லூரியில் ஆசிரியரானார். சட்டமும் அரசியலமைப்பும் பற்றி 1933 இலும், மந்திரிசபை ஆட்சி பற்றி 1936 இலும், பாராளுமன்றம் பற்றி 1939 இலும் அவர் வெளியிட்ட நூல்கள் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டின. எழுதப்பட்ட ஒரு தனிச் சாசனமின்றி ஆங்கிலேயர் ஆட்சி எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். எழுதிய விதியினும் அவ்விதியைக் கையாள்வோரின் வழக்காறும் அடக்கமுமே ஆட்சியைத் தாங்குவன என்பதனை அந்நூல்கள் வழியே நாம் உணர்கின்றோம்.

1941 இல் அவர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அதிபராய் வந்தார். 1921 இல் தோன்றிய அக்கல்லூரியின் மாணவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கே தோற்றி வந்தனர். 1942 ஆம் ஆண்டு யூலை 1 ஆந் திகதி அக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகமாயின. நமக்குரிய பட்டத்தை நாமே வழங்கும் உரிமை அன்று கிடைத்தது. அரசாங்கம் பொருள் உதவலாம். எதனைக் கற்பிப்பது, எவரைத் தேர்வது என்பன பல்கலைக்கழகத்தாரின் பொறுப்பாதல் வேண்டும் என்பதே உபவேந்தரின் உறுதியான கொள்கை.

1943 இல் அங்கே முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவரிடம் கற்ற சு. வித்தியானந்தன் பின்னர் அப்பல்கலைக்கழகத்திலேயே கற்பித்து, 1979 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். ஒரு நிறுவனம் மற்றொன்றுக்குத் தாயாகும் முறைமைக்கு இது சான்று.

போர்க்காலத் தட்டுப்பாடுகளைக் கடந்து, 1952 இல் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி பேராதனைக்குப் பெயர்ந்தது. மகாவலியின் கரையில், அந்தானை மலைச்சாரலில் மாணவர் உடனுறைந்து கற்கும் மண்டபங்கள் எழுந்தன. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக முதலியோர் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 முதல் குரலெழுப்பியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆதலின், அப்பெயர் அங்கு நிலைத்தது மிகப் பொருத்தமே.

ஜெனிங்சின் மற்றொரு பணியை நாம் மறத்தல் இயலாது. டி. எஸ். சேனநாயக்காவின் ஆலோசகராய் நின்று, 1944 இல் மந்திரிமார் சமர்ப்பித்த அரசியலமைப்பு நகலை உருவாக்குவதில் அவர் பெரும்பங்கு கொண்டார். சோல்பரி அரசியலமைப்புக்கு அந்நகலே அடிப்படையாயிற்று. ஒரு சமூகத்தார்க்கு மட்டும் பாதகமாகவோ சலுகையாகவோ பாராளுமன்றம் சட்டம் இயற்றலாகாது என்று அதன் 29 ஆம் பிரிவு தடுத்தது. எனினும், மலையகத் தமிழருட் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றோராக்கிய 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அப்பிரிவுக்கு மாறானதன்று என 1953 இல் பிரிவுக் கவுன்சில் தீர்த்தது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் 1956 இல் வந்தது. அடிப்படை உரிமைகளை விரித்துரைக்கும் அதிகாரம் ஒன்று அந்த அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. இந்திய அரசியலமைப்பின் நீண்ட உரிமைப் பட்டியலையும் ஜெனிங்ஸ் 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளிற் குறைகூறினார். இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாய் வளர்ந்த வழக்காறு இங்கும் தானே முளைக்கும் என்ற நம்பிக்கைக்கு நம்மவர் கொடுத்த விலை பெரிது.

1955 இல் இலங்கையை விட்டகன்ற அவர், கேம்பிரிட்ஜில் திரினிற்றி ஹோல் என்னும் கல்லூரியின் தலைவராகவும், 1961 முதல் 1963 வரை அப்பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகவும் இருந்து, 1965 இல் மறைந்தார்.

அவர் தொட்ட இரு பெரும்பணிகளும் 1972 என்னும் ஒரே ஆண்டில் உருமாறின. சோல்பரி அரசியலமைப்பு நீங்க, 29 ஆம் பிரிவும் உடன் நீங்கியது. இலங்கைப் பல்கலைக்கழகமும் தன் தனிமை இழந்து, நாடு முழுமைக்கும் ஒன்றான பல்கலைக்கழகத்துள் அடங்கியது. ஆயினும் இரண்டின் பிற்கதையும் ஒன்றன்று. 29 ஆம் பிரிவு மீளவில்லை. பல்கலைக்கழகமோ 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் கொழும்பிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் தனித்தனியே தழைத்தது. ஏன்? அதனைத் தமதெனக் கருதிக் காத்த ஆசிரியரும் மாணவரும் தலைமுறை தோறும் இருந்தனர். பிரிவினைத் தமதெனக் கருதிக் காக்கும் பெரும்பான்மை பாராளுமன்றத்தில் இருக்கவில்லை.

விழாக் காணும் கல்லூரிக்கும் இஃது பொருந்தும். யாப்பும் விதியும் இன்றியமையாதன. அவற்றை உயிர்ப்பிப்போர் பழைய மாணவரும், இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் இளைஞருமே. இப்பொறுப்பினை அவர்கள் உவந்து ஏற்பாராக.