சுவருக்குள் சிக்கிய சிக்னல்

வீட்டுக்குள் லைன் கட்டானால் திட்டு வாங்குவது டவர்தான். ஆனால் தெருவில் தெளிவாகக் கேட்ட குரல் வாசல்படி தாண்டியதும் அறுந்துபோகிறதென்றால், குற்றவாளி டவர் அல்ல; கம்பி கட்டிய கான்கிரீட், தகரக் கூரை, உலோகப் பூச்சுள்ள கண்ணாடி. திரையில் தெரியும் கோடுகளை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் சிம் விவரப் பகுதியில் வரும், சிக்னலின் சக்தியைக் குறிக்கும் டிபிஎம் எண்ணே உண்மை சொல்லும். 4ஜியில் மைனஸ் 80 நல்ல நிலை, மைனஸ் 110 மோசம். இந்த எண் 10 இறங்கினால் சக்தி பத்தில் ஒன்றாகும்; 30 இறங்கினால் ஆயிரத்தில் ஒன்று. 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரை ஓரளவு ஊடுருவும். 5ஜிக்குப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை அதிகம் தடுமாறும்.

அப்படியானால் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி மாட்டினால் என்ன? பேச்சு இருவழிப் போக்குவரத்து என்பதை இந்த யோசனை மறந்துவிடுகிறது. டவர் உரக்கப் பேசும். போனின் உச்ச சக்தியோ சுமார் 0.2 வாட்தான். பூஸ்டர் அந்த மெல்லிய குரலோடு இரைச்சலையும் பெருக்கி டவரின் காதில் கொட்டுகிறது. அக்கம்பக்கத்தார் அழைப்புகளும் கெடுகின்றன. பூஸ்டரின் மாடி ஆன்டெனா, வீட்டுக்குள் இருக்கும் தன் ஜோடி ஆன்டெனாவின் ஒலிபரப்பையே மறுபடி வாங்கினால், ஸ்பீக்கர் முன் மைக் பிடித்தாற்போல் கருவி ஊளையிடத் தொடங்கும். அமெரிக்காவில் விற்கிறார்களே என்பார்கள். அங்கே 2013இல் வகுத்த விதிப்படி, ஊளை எழுந்தால் தானே அடங்கும் கருவிக்குத்தான் அனுமதி. இந்தியாவில் உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனம் தவிர வேறு யாரும் பூஸ்டர் மாட்டக் கூடாது. ஆன்லைனில் கிடைக்கிறது என்பது சட்டத்துக்குப் பதிலாகாது.

சுவரோடு மல்லுக்கட்டுவதைவிட அதைச் சுற்றிப் போவது மேல். வைஃபை காலிங் அதைத்தான் செய்கிறது: பேச்சு பிராட்பேண்ட் கம்பி வழியே வெளியேறுகிறது, எண் மாறுவதில்லை, தனிச் செயலி வேண்டாம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. போனின் அமைப்புகளில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். கரண்ட் போனால் மோடமும் போய்விடுமே என்ற ஆட்சேபம் நியாயமானது. மோடத்துக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் அதைச் சமாளிக்கும். பிராட்பேண்டே இல்லாத வீட்டில்? டிபிஎம் எண்ணைப் பார்த்துக்கொண்டே அறை அறையாக நடந்து, எந்த ஜன்னலோரம் எண் மேம்படுகிறதோ அங்கே நின்று பேசலாம். அதற்குமுன் வேறு நிறுவன சிம்மை ஒருநாள் போட்டுப் பார்ப்பது நல்லது. அதன் டவர் ஜன்னலுக்கு நேரெதிரே இருக்கலாம்.