கனிவான கண்காணிப்பு: ஹாத்தோர்ன் சோதனைகள் குறித்து

'தொழிலாளியின் மனசு' எப்போது நிர்வாகத்தின் ஆய்வுப் பொருளாயிற்று? 1924-32இல் சிகாகோவை ஒட்டிய சிசரோவில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஹாத்தோர்ன் ஆலையில் நடந்த சோதனைகளிலிருந்தே இக்கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். முதலில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். உற்பத்தியோடு அதற்குத் தெளிவான தொடர்பு கிட்டவில்லை. 1927இல் தொலைபேசி ரிலே பூட்டும் ஐந்து பெண்களைத் தனியறையில் உட்கார வைத்து, இடைவேளை தந்தார்கள், வேலைநேரத்தைக் குறைத்தார்கள். உற்பத்தி கூடியது.

ஹார்வர்டின் எல்டன் மேயோ தந்த விளக்கம் பிரபலமானது: தொழிலாளியை இயக்குவது காசு மட்டுமல்ல, குழு உணர்வும் காதுகொடுத்துக் கேட்கும் மேற்பார்வையும்தான். 'பணியாளர் நலன்', 'தலைமைப் பண்பு' என்று இன்று நடக்கும் ஆய்வுகளுக்கு இந்த 'மனித உறவுகள்' சிந்தனை ஒரு முக்கிய மூலம்.

ஆனால் அந்த அறைக்குள் வேறு இரண்டும் நடந்தன. ஒன்று, கூலிமுறை மாறியது: பெரிய குழுவின் உற்பத்தியை வைத்துக் கணக்கிட்ட ஊக்கத்தொகை, இந்த ஐவரின் உற்பத்தியோடு மட்டும் பிணைக்கப்பட்டது. இரண்டு, 'ரொம்பப் பேசுறாங்க, ஒத்துழைக்க மாட்டேங்கிறாங்க' என்று இரண்டு பெண்கள் 1928 ஜனவரியில் வெளியேற்றப்பட்டு வேறு இருவர் கொண்டுவரப்பட்டார்கள். 1967இல் அலெக்ஸ் கேரி இவற்றைச் சுட்டிக்காட்டி, மேயோ தரப்பின் முடிவுகளுக்குச் சான்றுகள் இடம் தரவில்லை என்று வாதிட்டார். கனிவு இருந்திருக்கலாம்; காசும் தண்டனையும் கூடவே இருந்தன.

1931-32இல் கம்பி இணைக்கும் 14 ஆண்களைக் கவனித்தார்கள். இவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்து, அதைத் தாண்டியவனின் புஜத்தில் குத்தினார்கள். ஆய்வாளர்களுக்கு இது தர்க்கத்தைவிட உணர்ச்சி சார்ந்ததாகத் தெரிந்தது. அதிகமா செஞ்சா ரேட்டைக் குறைப்பான், ஆளைக் குறைப்பான் என்ற பயம் பெருமந்தக் காலத்தில் எப்படித் தர்க்கமற்றதாகும்?

அதே ஆலையில் 20,000க்கும் மேற்பட்டோரைப் பேட்டி கண்டார்கள். மனக்குறையைக் கொட்டலாம், பேரம் பேச அங்கே இடமில்லை. எதிர்ப்பு 'மனநிலை'யாக மொழிபெயர்க்கப்படும் இடம் இதுதான். ஆகவே நலன் குறித்த எந்த ஆய்வையும் நாம் இப்படிக் கேட்டு வாசிக்கலாம்: கேள்வி யாருடையது? கூலி கணக்கில் வந்ததா? பேசியதற்காக யாரையாவது வெளியே அனுப்பினார்களா?